இன்ஜின் கடற்கரையில், இறக்கை மலையில்

1918-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஒரு லாரி ஏறிப் போனது. அதன் மேல் லிபர்ட்டி என்ற விமான இன்ஜின். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ் வடிவமைத்த ஒரு கருவியும் அதனோடு பொருத்தப்பட்டிருந்தது. தாழ்நிலத்தில் 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின், 14,109 அடி உயரத்தில் வெறும் 230-தான் தந்தது. கருவியை இணைத்ததும் 356. இன்ஜின் வெளியே தள்ளும் சூடான புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியைக் கொண்டே மெலிந்த மலைக்காற்றை அழுத்தி மறுபடி இன்ஜினுக்கு ஊட்டுவதுதான் அதன் வேலை. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற எண்ணம் அது. இன்று டர்போசார்ஜர் என்றால் கார் மெக்கானிக் முதல் கல்லூரி மாணவர் வரை எல்லாருக்கும் தெரியும்.

அந்த 356 என்ற எண்ணோடு ஒரு கேள்வியும் பிறந்தது. மலைக்காற்று இன்ஜினிடமிருந்து பிடுங்கியதை டர்போ திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்றால், டர்போ பொருத்திய சிறு விமானத்துக்கு உயர்ந்த மலைத்தளங்கள் ஆபத்தில்லாத இடங்களாகிவிடுமா? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதற்குப் பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பதிலும் முந்தையதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தது. தனக்கென்று ஓர் ஓட்டையையும் வைத்துக்கொண்டது.

பதில்களைச் சோதித்துப் பார்க்க வசதியான இடம் கொலராடோவிலேயே இருக்கிறது. லீட்வில் ஊரின் விமானதளம் 9,934 அடி உயரத்தில், வட அமெரிக்காவிலேயே மிக உயரத்தில் இருக்கும் பொது விமானதளமாக அமைந்திருக்கிறது. ஓடுபாதை 6,400 அடி. சென்னைக்காரர் காதுக்கு அங்கே கோடைப் பிற்பகலில் அடிக்கும் 22 டிகிரி வெயில் குளிர்காலம்போல் ஒலிக்கும். ஆனால் வளிமண்டலக் கணக்குப்படி அந்த உயரத்தில் இருக்க வேண்டிய வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே கிட்டத்தட்ட 5 டிகிரி. அதைவிட ஒவ்வொரு டிகிரி கூடும்போதும், விமானத்தைப் பொறுத்தவரை தளம் ஏறக்குறைய 120 அடி மேலே போய்விடுகிறது. ஆகவே ஜூலை மாதப் பிற்பகலில் அங்கே நிற்கும் விமானத்தின் இறக்கை சுமார் 13,000 அடி உயரத்துக் காற்றில் நிற்கிறது. இந்தக் கணக்கைத்தான் விமானிகள் அடர்த்தி உயரம் என்கிறார்கள். அந்தக் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்துக் காற்றில் மூன்றில் இரண்டு பங்கு.

‘போன குதிரைகளை மீட்டால் போதும்’

முதல் பதில் இன்ஜின்காரர்களுடையது. உயரம் செய்யும் கெடுதலில் பெரும்பங்கு இன்ஜினின் மூச்சுத்திணறல்தான், அதைச் சரிசெய்தால் மற்றவை சமாளிக்கக்கூடியவை என்பது அவர்கள் கட்சி. இதற்குச் சான்றுகள் வலுவானவை. 1920-இல் மாஸின் கருவியைப் பொருத்திய லெபேர் விமானத்தில் ஷ்ரோடர் என்ற ராணுவ விமானி 33,000 அடிக்கு மேல் ஏறினார். இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் டர்போவோடுதான் உயரத்தில் பறந்தன. 1960-களில் அந்த நுட்பம் செஸ்னா, பைப்பர் போன்ற சிறு விமானங்களுக்கும் இறங்கி வந்தது.

இதே கட்சிக்கு நம் பக்கத்துச் சான்றும் உண்டு. 1948 மே 24 அன்று ஏர் கமோடர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு டகோட்டா விமானத்தை லேயில் இறக்கினார். இன்று 10,682 அடி உயரத்தில் இருக்கும் விமானதளம் அன்று அவசரமாகச் செப்பனிட்ட மண்தரை. டகோட்டா சிறு விமானம் அல்ல, அதில் இருந்ததும் டர்போ அல்ல. இன்ஜின் தண்டோடு பற்சக்கரத்தால் இணைத்துச் சுழலவிடும் காற்றழுத்தி அது. கொள்கை ஒன்றுதான்: இன்ஜினுக்குக் காற்றை அழுத்திக் கொடு, மலை வழிவிடும்.

1960-இல் தௌலகிரி ஏறச் சென்ற சுவிஸ் குழுவினரின் ‘யெட்டி’ என்ற பிலாட்டஸ் போர்ட்டர், சிறு விமானக் கதையில் இன்னும் நெருங்கிய உதாரணம். இதே வகைக் காற்றழுத்தி கொண்ட பிஸ்டன் இன்ஜினோடு, 5,750 மீட்டர் உயரப் பனிப்பரப்பில் அது இறங்கியது. அதே பயணத்தில், அதே ஆண்டு மே மாதம், தம்புஷ் கணவாயில் விழுந்து நொறுங்கவும் செய்தது. விமானிகள் இருவரும் உயிர் தப்பினர். சாதனைப் பட்டியலைப் புரட்டுபவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வதுண்டு.

இந்தக் கட்சியின் பலத்தை எண்களில் பார்க்கலாம். செஸ்னா 182 ஒரே உடம்பில் இரண்டு வடிவங்களாக விற்கப்பட்டது: டர்போ இல்லாதது 230 குதிரைத்திறன், டர்போ உள்ளது 235. மேலே சொன்ன லீட்வில் பிற்பகலில் முதலாவது தரக்கூடியது ஏறக்குறைய 145 மட்டுமே. இரண்டாவது 235-ஐயும் தரும். தொண்ணூறு குதிரை வித்தியாசத்தை அற்பம் என்று ஒதுக்க முடியாது. 2012 ஜூன் கடைசியில் ஐடஹோ மாநிலத்தில், 6,370 அடி உயரப் புல்தரை ஒன்றிலிருந்து நான்கு பேருடன் கிளம்பிய டர்போ இல்லாத பழைய ஸ்டின்சன் விமானம், நெடுந்தூரம் உருண்டு எழும்பி, மரங்களுக்கு மேல் ஏற முடியாமல் திணறி, கடைசியில் மரங்களுக்குள்ளேயே விழுந்தது. உள்ளேயிருந்து எடுத்த காணொளி உலகெங்கும் பரவியது. நால்வரும் பிழைத்தார்கள். அந்தக் காணொளியைப் பார்த்த எவரும் இன்னும் சில குதிரைகள் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க மாட்டார்கள்.

இறக்கைக்கு டர்போ கிடையாது

இரண்டாவது பதில் மலைப்பறத்தல் பயிற்சியாளர்களிடமிருந்து வந்தது. இன்ஜினை ஏமாற்றலாம், இறக்கையை ஏமாற்ற முடியாது என்பதுதான் அதன் சாரம். மெலிந்த காற்றில் அதே தூக்குவிசை வேண்டுமானால் இறக்கை வேகமாகக் காற்றைக் கிழிக்க வேண்டும். காற்றின் தாக்கத்தைக் கொண்டே வேகம் சொல்லும் வேகமானி, எந்த உயரத்திலும் எழும்பும் வேகத்தை ஒரே எண்ணாகத்தான் காட்டும். 70 நாட் என்றால் 70 நாட். ஆனால் 13,000 அடி அடர்த்தி உயரத்தில் முள் 70-ஐத் தொடும்போது, சக்கரம் தரையில் 85 நாட் வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும். மணிக்கு 130 கிலோமீட்டரில் எழவேண்டியது 158 கிலோமீட்டரில் எழுகிறது.

இதன் விளைவுகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் டர்போ வைத்திருப்பவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான். உருளும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அடர்த்தி மூன்றில் இரண்டு பங்கானால் அந்த வர்க்கம் ஒன்றரை மடங்காகிறது. அதோடு, இன்ஜின் முழுச் சக்தி தந்தாலும் விமானம் வேகமாக ஓடும்போது அதே சக்தியிலிருந்து புரொப்பெல்லருக்குக் கிடைக்கும் இழுப்பு குறைகிறது. இரண்டையும் சேர்த்துத் தோராயமாகக் கணக்கிட்டால், டர்போ விமானத்துக்கும் கடல்மட்டத்தைப்போல் 1.8 மடங்கு தரை தேவைப்படும். டர்போ இல்லாததற்கு ஏறக்குறைய 3 மடங்கு. ஆக, டர்போ பெரிய லாபம்தான். ஆனால் முழுத் தீர்வுக்கும் அதற்கும் நடுவே நிறைய ஓடுபாதை கிடக்கிறது.

எழும்பிய பிறகும் கணக்கு தொடர்கிறது. இரண்டு விமானங்கள் நிமிடத்துக்கு 700 அடி வீதம் ஏறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். வேகமானி இரண்டிலும் 90 நாட். கடல்மட்டத்தில் இருப்பது ஒரு கடல்மைல் போவதற்குள் 467 அடி ஏறிவிடும். லீட்வில்லில் இருப்பது உண்மையில் 110 நாட் வேகத்தில் போவதால் 382 அடிதான் ஏறும். எதிரே மலை நிற்கும்போது நிமிடக் கணக்கால் பயனில்லை, மைல் கணக்குதான் வேண்டும். திரும்பிவிடலாம் என்றால் அதற்கும் இடம் அதிகம் தேவை. 30 டிகிரி சாய்வில் வட்டமடிக்கக் கீழே 760 மீட்டர் அகலம் போதுமாக இருந்தது, இங்கே 1,130 மீட்டர் ஆகிறது. பள்ளத்தாக்கு டர்போவுக்காக அகலமாவதில்லை.

கண்ணும் ஏமாற்றும். தரை வழக்கத்தைவிட வேகமாகப் பின்னே ஓடுவதைப் பார்க்கும் விமானி, போதும், எழுந்துவிடலாம் என்று மூக்கை முன்கூட்டியே தூக்குகிறார். இறங்கும்போது அதே காட்சி அவரை ‘ரொம்ப வேகமாக வருகிறோம்’ என்று எண்ணவைத்து, வேகத்தை அபாய எல்லைக்குக் குறைக்கத் தூண்டுகிறது. டர்போ விமானியிடம் இதற்கு மேலும் ஒரு வலை உண்டு. கருவிப் பலகையில் இன்ஜின் சம்பந்தப்பட்ட முட்கள் எல்லாம் கடற்கரையில் காட்டும் எண்களையே காட்டுகின்றன. டர்போ இல்லாதவருக்கு இன்ஜினின் சோர்வே ஓர் எச்சரிக்கை. இவருக்கு அந்த எச்சரிக்கை இல்லை.

இந்தப் பள்ளியின் கைச்சுருக்கம் ஒன்று பிரபலம்: ஓடுபாதையில் பாதி தூரம் போவதற்குள் எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும், வராவிட்டால் அங்கேயே த்ராட்டிலை இழுத்து நிறுத்திவிட வேண்டும். மலைப்பறத்தல் கையேடுகள் எழுதிய ஸ்பார்க்கி இமிசன் போன்றவர்கள் இதைப் பரப்பினார்கள். வேகம் தூரத்தின் வர்க்கமூலமாக வளர்வதால் பாதியில் 70 சதவீதம் என்பது இயற்பியலுக்கும் ஒத்துவருகிறது.

இதன் பலவீனம் வேறிடத்தில். அந்த விதி மட்டமான, சீரான ஓடுபாதைக்கானது. சரிவும் காற்றுவீச்சும் புகுந்தால் அதன் துல்லியம் போய்விடுகிறது. சக்கரம் தரையைவிட்டு எழுந்த பிறகு எதிரே இருக்கும் மலையைப் பற்றியும் அது எதுவும் சொல்வதில்லை. கையேட்டு அட்டவணைகளும் எல்லா இடத்துக்கும் கூட வருவதில்லை. செஸ்னா 172-இன் எழும்புதூர அட்டவணை 8,000 அடியோடு நின்றுவிடுகிறது, லீட்வில் அதற்கு வெளியே. மலையை அறிந்திருப்பதே முழுக் காப்பு ஆகிவிடாது என்பதற்கும் இந்தப் பள்ளியிலேயே வருத்தமான சான்று இருக்கிறது. இமிசனே 2009-இல் மொன்டானா மலைகளில் நடந்த விமான விபத்தில் இறந்தார்.

சிவப்புக் குமிழ்

மேலே சொன்ன இரண்டு கட்சிகளும் சக்தியைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பேசுகின்றன. மூன்றாவது தரப்பு விமானியின் வலது கையைப் பார்க்கிறது. பெரும்பாலான பிஸ்டன் விமானங்களில் த்ராட்டிலுக்குப் பக்கத்தில் சிவப்பு நிறக் குமிழ் ஒன்று இருக்கும். அதை முன்னே தள்ளினால் இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம், பின்னே இழுத்தால் குறைவு. பழைய கார்களின் சோக்கை அறிந்தவர்களுக்குக் கொஞ்சம் பிடிபடும்.

டர்போ இல்லாத விமானத்தில் மலைத்தளத்தின் முதல் பாடம் அந்தக் குமிழை இழுப்பதுதான். காற்று குறைந்திருக்கிறது, பெட்ரோலையும் குறை, இல்லாவிட்டால் இன்ஜின் மூழ்கி, இருக்கும் சக்தியையும் இழக்கும். 1996 ஏப்ரலில், அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் முயற்சியில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியோடு ஷையென் நகரிலிருந்து கிளம்பிய செஸ்னா கார்டினல் விழுந்து அதிலிருந்த மூவரும் இறந்தனர். அந்தத் தளம் 6,156 அடி உயரத்தில் இருக்கிறது. புயல் மழையில் கிளம்பும் முடிவு, அனுமதிக்கப்பட்டதைவிட 96 பவுண்டு கூடுதல் எடை, பழக்கமில்லாத அடர்த்தி உயரம், வேகம் குறையவிட்டது என்று விசாரணை அமைப்பு காரணங்களை அடுக்கியது. அப்படிப்பட்ட தளத்தில் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையைச் சரிப்படுத்துவதும் விமானியின் பொறுப்பு.

டர்போ விமானத்தில் அந்தப் பாடம் தலைகீழ். எழும்பும்போது இன்ஜினுக்குள் போவது கடல்மட்டத்துக் காற்று, சில இன்ஜின்களில் அதைவிட அழுத்தமானது. சிரஸ் எஸ்ஆர்22டி-யில் 36.5 அங்குலப் பாதரசம் அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது, கடல்மட்டத்து இயல்பழுத்தம் 29.92. அவ்வளவு காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வேண்டும். கூடுதலாக ஊற்றும் பெட்ரோல்தான் சிலிண்டரைக் குளிரவும் வைக்கிறது. மலையில் இருக்கிறோம் என்ற பழக்கத்தில் குமிழைப் பின்னே இழுத்துவிட்டு முழு த்ராட்டில் கொடுத்தால், சிலிண்டருக்குள் எரிபொருள் எரிவதற்குப் பதில் வெடிக்கத் தொடங்கும். பிஸ்டன் ஓட்டையாக நெடுநேரம் பிடிக்காது.

சிக்கல் இங்கே முடியவில்லை. டர்போ சுழல்வதற்குப் புகை வேண்டும், மெதுவாக ஓடும் இன்ஜினில் புகை போதாது. எனவே தரையில் ஊர்ந்து போகும்போது டர்போ இருந்தும் இல்லாததுபோல்தான். அப்போது லீட்வில்லின் 20 அங்குலச் சொச்சம் அழுத்தத்தையே இன்ஜின் சுவாசிக்கிறது. குமிழ் முழுக்க முன்னே இருந்தால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், இன்ஜின் குலுங்கும், சிலசமயம் இறங்கி ஓடுபாதையிலிருந்து திரும்பும் இடத்திலேயே அணைந்தும் போகும். அதனால் தரையில் ஊரும்போது இழு, கிளம்புமுன் முழுக்கத் தள்ளு, இறங்கி வேகம் தணிந்ததும் மறுபடி இழு. ஒரே தளத்தில், ஒரே அரைமணி நேரத்தில், ஒரே கை மூன்று முறை எதிரெதிரான வேலை செய்ய வேண்டும். நேற்றுவரை சாதா செஸ்னா ஓட்டி இன்று டர்போவுக்கு மாறியவரிடம் இது கைப்பழக்கமாக வர நாளாகும்.

பறக்கும்போது உயரத்தில் டர்போ செத்துப்போனாலும் இதே குமிழ்தான் முக்கியம். காற்று திடீரென்று குறைந்து, பெட்ரோல் அப்படியே வந்துகொண்டிருந்தால் இன்ஜின் மூழ்கி நின்றுவிடலாம். விமானி இன்ஜினே போய்விட்டது என்று நினைத்துவிடக்கூடும். பெட்ரோலைக் குறைத்தால் பல சமயம் டர்போ இல்லாத சாதா இன்ஜினாக அது உயிர்பெறும். ஆனால் பழுது புகைக்குழாயின் இணைப்பில் என்றால் கதை வேறு, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. காக்பிட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அறிகுறியோடுதான் தொடங்குகின்றன.

வெப்பத்தின் கணக்கு

புகைக்குழாய் என்றதும் பராமரிப்புக்காரர்களின் தரப்பு முன்னே வருகிறது. டர்போவின் சக்கரத்துக்குள் நுழையும் புகைக்குப் பல விமானங்களில் விதித்த உச்சவரம்பு 1,650 டிகிரி ஃபாரன்ஹீட், ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ். குழாய்கள் அந்தச் சூட்டில் செக்கச்சிவந்திருக்கும். டர்போவையும் அதன் பின்குழாயையும் கவ்விப் பிடிப்பது கையளவு வளையக் கிளாம்ப் ஒன்று. அது வெடித்துக் கழன்ற விபத்துகள் பல. 2023-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், புள்ளிப்பற்று வைத்த பலதுண்டு கிளாம்ப்களுக்கு 500 பறப்பு மணி என்று ஆயுள்வரம்பு விதித்தது. வாங்கும்போது டர்போவின் குதிரைத்திறனைக் கேட்பவர்கள், கிளாம்பின் வயதைக் கேட்பதில்லை.

வகையிலும் வேறுபாடு உண்டு. உயரத்தில் கடல்மட்ட அழுத்தத்தைக் காப்பாற்றுவதோடு நின்றுகொள்ளும் டர்போக்களும், அதற்கு மேலும் அழுத்துபவையும் உள்ளன. சிரஸ் விமானத்திலேயே இரண்டும் வந்தன. 2006-இல் வந்தது முதல் வகை, 2010-இல் வந்த எஸ்ஆர்22டி இரண்டாவது. உபரிப் புகையை டர்போவுக்குள் விடாமல் வெளியேற்றி, அழுத்தத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் கதவு சில விமானங்களில் உண்டு. மூனி 231 போன்றவற்றில் அந்தக் கதவு மாறாத ஒரே அளவில் திறந்தபடி அமைந்தது, த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் தாழ்நிலத்தில் 40 அங்குல வரம்பைத் தாண்டிவிடும். அழுத்தமானியில் ஒரு கண் எப்போதும் இருக்க வேண்டும். வேகம் கூடக்கூட முள் தானாகவும் ஏறும் என்பதால், ஓடுபாதையைப் பார்க்க வேண்டிய நொடிகளில் விமானி கருவிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இறங்கியபின் இன்ஜினை அணைக்குமுன் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட வேண்டுமா என்ற சண்டை டர்போக்காரர்களிடையே ஓயாதது. பழைய மரபு ஐந்து நிமிடம் என்கிறது. அணைத்தவுடன் எண்ணெய் ஓட்டம் நின்று, கொதிக்கும் அச்சில் எண்ணெய் கரியாகிவிடும் என்பது அதன் நியாயம். எதிர்த்தரப்பு வெப்ப அளவீடுகளைக் காட்டி, தரை தொடும் நேரத்திலேயே டர்போ ஆறிவிடுகிறது, அதன்பின் நின்று ஓடவிடுவதால் பயனில்லை, சூடு கூடவும் செய்யலாம் என்கிறது. அளவீடுகள் பக்கமே தராசு சாய்கிறது. ஆனால் குழாய்களின் அமைப்பு விமானத்துக்கு விமானம் மாறுவதால், ஒன்றில் அளந்ததை எல்லாவற்றுக்கும் பொருத்துவது அவசரம். கையேடு சொல்வதைச் செய்வதே இப்போதைக்குக் குறைந்த ஆபத்து.

விமானியின் மூளை எந்த உயரத்தில்?

டர்போ சுவாசிப்பது இன்ஜினுக்காக மட்டுமே. லீட்வில்லைச் சுற்றி நிற்கும் மலைகளில் எல்பர்ட் சிகரம் 14,440 அடி, கிழக்கே மொஸ்கிட்டோ கணவாய் 13,185 அடி. டர்போ விமானம் அவற்றைச் சுலபமாகத் தாண்டும், அதனாலேயே அதன் விமானி நீண்டநேரம் மெலிந்த காற்றில் உட்கார்ந்திருப்பார். அமெரிக்கச் சட்டப்படி 12,500 அடிக்கு மேல் 14,000 அடி வரை அரைமணிக்கு மேல் பறந்தால்தான் விமானி ஆக்சிஜன் எடுத்தாக வேண்டும், 14,000-க்கு மேல் எப்போதும். அதே அரசின் ஆலோசனையோ பகலில் 10,000 அடியிலிருந்தும் இரவில் 5,000 அடியிலிருந்தும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, இரவில் கண்பார்வை முதலில் மங்கும் என்பதால். சட்டத்துக்கும் ஆலோசனைக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் லீட்வில் போன்ற தளத்துக்கான இறக்கம் நடக்கிறது. சட்டத்தை மீறாமலே மந்தமான மூளையோடு, மலைகளுக்கு நடுவே.

அதைவிடச் சர்ச்சைக்குரியது மனப்போக்கைப் பற்றிய வாதம். பாதுகாப்புக் கருவி ஒன்றைக் கொடுத்தால் மனிதன் அந்த லாபத்தை வேகமாகவோ துணிச்சலாகவோ செலவழித்துவிடுகிறான் என்று பொருளாதார அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-இல் கார்களை வைத்து வாதிட்டார். கனடிய உளவியலாளர் ஜெரால்டு வைல்டு அதை இன்னும் நீட்டினார். மியூனிக் நகர டாக்சிகளில் பாதிக்கு ஏபிஎஸ் பிரேக் பொருத்திப் பார்த்த ஆய்வு அவர்களுக்குப் பிடித்த சான்று. புதிய பிரேக் கொண்ட ஓட்டுநர்கள் விபத்தைக் குறைக்கவில்லை, கடுமையாகப் பிரேக் போட்டு ஓட்டினார்கள். டர்போவும் அப்படித்தான் என்கிறது மலைப்பயிற்சி வட்டாரம். டர்போ இல்லாதவர் காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிடுவார், இருவரை இறக்கிவிடுவார், பெட்ரோலைக் குறைப்பார். டர்போக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நான்கு பேரோடு, நிறைந்த டாங்கோடு கிளம்புவார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆபத்துச் சமநிலை என்ற இந்தக் கோட்பாட்டைப் பொய்ப்பிப்பது கடினம் என்பது அதன்மேல் உள்ள பழைய குற்றச்சாட்டு. விபத்து நடந்தால் துணிச்சல் என்று சொல்லலாம், நடக்காவிட்டால் ஜாக்கிரதை என்று சொல்லலாம். சீட் பெல்ட் உயிர்களைக் காத்தது என்பதையும் அதனால் எளிதில் விளக்க முடிவதில்லை. நல்ல டர்போவும் நல்ல பயிற்சியும் ஒரே விமானியிடம் சேரும்போது என்ன நடக்கிறது என்பதையும் அது கேட்பதில்லை.

தராசின் ஒரு தட்டு

இத்தனை வாதங்களும் ஒரே இடத்தில் முட்டுகின்றன. டர்போ விமானங்கள் மலைத்தளங்களில் எத்தனை முறை விழுந்தன என்பதை விபத்துப் பதிவுகளிலிருந்து எண்ணிவிடலாம். எத்தனை முறை பத்திரமாகக் கிளம்பின என்பதுதான் வகுக்க வேண்டிய எண். அமெரிக்க நிர்வாகம் ஆண்டுதோறும் எடுக்கும் பறப்பு மணிக் கணக்கு விமான வகைப்படி பிரிக்கப்படுகிறது, தளத்தின் உயரப்படி அல்ல. ஆகவே ‘டர்போவால் விபத்து குறைந்தது’ என்பவர், ‘கூடியது’ என்பவர் இருவருமே தராசின் ஒரு தட்டை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள்.

வணிகப் பறப்பின் அனுபவத்தை இங்கே இழுத்துவருபவர்கள் உண்டு. நேபாளத்தின் லுக்லா, 2,845 மீட்டர் உயரத்தில் 527 மீட்டர் நீளச் சரிவுப்பாதை. அங்கே போகும் ட்வின் ஆட்டர்களில் இருப்பது டர்போப்ராப், அதாவது வாயுச்சுழலி இன்ஜின். அங்கே இரண்டு விமானிகள், ஒரே வழித்தடத்தில் நூற்றுக்கணக்கான முறை பறந்த கைகள், காலை நேரத்தை விரும்பும் அட்டவணை எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. அப்படியும் லுக்லாவின் விபத்து வரலாறு நீளமானது. ஆண்டுக்கு இரண்டு முறை மலைக்கு வரும் சொந்த விமானக்காரரோடு இதை ஒப்பிடுவதால் கிடைப்பது அதிகமில்லை.

இன்னும் முடியாதவை

ஒவ்வொரு தரப்பிலும் எஞ்சுவதைப் பார்த்தால், உடன்பாடு தோன்றுவதைவிட அதிகமாகவே இருக்கிறது. இன்ஜின்காரர்களின் எண்கள் சரியானவை. மலைப்பயிற்சியாளர்கள் காட்டும் மீதிக் கணக்கும் சரியானது, தினசரி முடிவுகளுக்கு அதுவே அதிகம் உதவும். குமிழ், கிளாம்ப் விவகாரங்கள் டர்போ கொண்டுவந்த புதிய கடன்கள். மனப்போக்கு வாதம் பயிற்சிக்குப் பயனுள்ள ஐயமாக இருக்கலாம், நிரூபிக்கப்பட்ட உண்மையாக அதை எடுத்துக்கொள்ளத் தேவையான சான்று இல்லை.

நுட்பம் இந்தக் கேள்வியின் ஒரு பகுதியைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. ரோட்டாக்ஸ் 915 போன்ற 141 குதிரைத்திறன் டர்போ இன்ஜின்கள் 15,000 அடி வரை முழுச் சக்தி தருகின்றன, கலவையைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. டைமண்ட் விமானங்களின் டீசல் இன்ஜின்களில் ஒரே ஒரு நெம்புகோல்தான், சிவப்புக் குமிழுக்கு வேலையே இல்லை. ஆனால் டீசல் இன்ஜின் எரிவதற்கே டர்போவை நம்பியிருப்பதால், உயரத்தில் அது போனால் பெட்ரோல் இன்ஜினைப்போல் சமாளிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பெட்ரோல் பக்கமோ ஈயம் கலந்த 100 ஆக்டேன் எரிபொருளை 2030-க்குள் கைவிட அமெரிக்கா இலக்கு வைத்திருக்கிறது. அந்த ஆக்டேனை அதிகம் நம்பியிருப்பவை மிகையழுத்த டர்போ இன்ஜின்கள்தாம். ஈயமில்லா மாற்று ஒன்றுக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. மலைத்தளத்தில் சிலிண்டரின் சூட்டுக்கும் 36 அங்குல அழுத்தத்துக்கும் நடுவே அது எப்படி நடந்துகொள்ளும் என்பது ஆண்டுக்கணக்கான பயன்பாட்டில்தான் தெரியவரும்.

விடுபட்ட இன்னொரு தட்டு நிரம்பவும் வழி பிறந்திருக்கிறது. 2020 ஜனவரி முதல் அமெரிக்காவின் பெரும்பகுதி கட்டுப்பாட்டு வான்வெளியில் பறக்க, தன் இடத்தைத் தானே அறிவிக்கும் கருவி விமானத்தில் கட்டாயம். எந்தப் பதிவெண் எந்தத் தளத்திலிருந்து எத்தனை மணிக்கு எழும்பியது என்பது சேகரமாகிக்கொண்டே இருக்கிறது. எந்தப் பதிவெண்ணில் எந்த இன்ஜின் என்பது பதிவேட்டில் இருக்கிறது. அன்றைய வெப்பநிலை வானிலைக் கோப்பில் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகக் கோத்தால், பிற்பகல் இரண்டு மணிக்கு லீட்வில்லில் கிளம்புகிறவர்களில் டர்போக்காரர்கள் எத்தனை பேர், அவர்களுடைய சக்கரம் ஓடுபாதையின் எந்த இடத்தில் தரையை விட்டது என்று கேட்க முடியும்.